கணக்கில் வராத சிறுத்தை: உயிரியல் பூங்கா விரிவாக்கமும் நகரின் காட்டு நிலமும்

மும்பையின் மேற்குப் புறநகரான கோரேகாவில் உள்ள ஒரு கிளையில் நான் பணியாற்றிய காலத்தில், கறவை எருமைக் கடன்களை ஆய்வு செய்வதற்காக மாதம் ஒரு முறையேனும் ஆரே பால் குடியிருப்புக்குச் செல்ல வேண்டியிருந்தது. பெருநகரத்தின் நடுவே எருமைக் கடனா என்று நம் வாசகர்கள் வியக்கக்கூடும். நகரத்துத் தெருக்களில் இருந்த மாட்டுக் கொட்டகைகளை அப்புறப்படுத்தி ஓரிடத்தில் சேர்ப்பதற்காக 1949ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்டதே ஆரே குடியிருப்பு. சுமார் 1,280 ஹெக்டேர் பரப்பு. கொட்டகைகளைத் தவிர்த்து எஞ்சிய நிலம் புல்லும் மரமும் ஓடையுமாகவே விடப்பட்டது. அதன் வடக்கு எல்லையில் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா தொடங்கிவிடுகிறது.

எனது ஆய்வுப் படிவத்தில் எட்டுப் பத்திகள் இருந்தன. எருமைகளின் எண்ணிக்கை, காதில் மாட்டிய எண் வில்லை, கொட்டகையின் நிலை, தீவன இருப்பு, நாளொன்றுக்குக் கறவை, காப்பீட்டுப் பத்திரம் என அவை நீளும். ஒரு நாள் அவற்றை நிரப்பிக்கொண்டிருந்தபோது, உத்தரப் பிரதேசத்திலிருந்து இளம் வயதில் வந்து அங்கேயே நரைத்துப்போன கொட்டகை உரிமையாளர், கழுநீர் வாய்க்காலின் ஓரத்து ஈர மண்ணைக் காட்டினார். உள்ளங்கை அகலத்தில், நகம் பதியாத நான்கு விரல் தடங்கள். சிறுத்தை. "இரவு நாயைத் தேடி வந்தது, சாஹேப். இந்த ஆண்டில் இது மூன்றாவது நாய்" என்றார், மின்கட்டணம் உயர்ந்ததைச் சொல்பவர் போன்ற குரலில். அச்சமாக இல்லையா என்று கேட்டேன். பிள்ளைகளை இருட்டியபின் வெளியே விடுவதில்லை என்றும், கன்றுகளை உள்ளே கட்டுவதாகவும் கூறினார். படிவத்தை முடித்துக் கையொப்பமிட்டேன். சிறுத்தைக்கு அதில் பத்தி இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பு அதே ஆரேயில், நூறு ஏக்கர் அளவில் பன்னாட்டுத் தரத்தில் ஓர் உயிரியல் பூங்கா அமைக்கும் திட்டம் பேசப்பட்டபோது எனக்கு அந்தப் படிவமே நினைவுக்கு வந்தது. காட்டு விலங்குகள் ஏற்கெனவே உலவும் நிலத்தில், காட்டு விலங்குகளைக் காட்டுவதற்காக வேலி போடுவது என்பது முரண்பாடாகத் தோன்றினாலும், அதை அவ்வாறு மட்டும் கூறி ஒதுக்கிவிட இயலாது. இரு தரப்பிலும் நியாயம் உண்டு. எந்த நியாயத்துக்கு எவ்வளவு விலை என்பதைக் கணக்கிடும் முறையில்தான் குறை இருக்கிறது. அதைக் கடன் விண்ணப்பம் ஒன்றை மதிப்பிடுவதைப் போலவே படித்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

பூங்காக்கள் ஏன் விரிவடைய விரும்புகின்றன?

நம் பெற்றோர் காலத்து மிருகக்காட்சி சாலையை நினைவுகூருங்கள். சிமெண்டுத் தரை, இரும்புக் கம்பி, அதற்குள் ஓயாமல் இடமும் வலமுமாக நடக்கும் ஒரு புலி. அந்த நிலையை மாற்றவே 1992ஆம் ஆண்டில் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் அங்கீகாரமின்றி இந்தியாவில் எந்தப் பூங்காவும் இயங்க முடியாது. 1998ஆம் ஆண்டில் தேசிய உயிரியல் பூங்காக் கொள்கை வந்தது. 2009ஆம் ஆண்டின் விதிகள், 'பெரிய பூங்கா' என்ற வகைப்பாட்டுக்கே 75 ஹெக்டேர் பரப்பு தேவை என்கின்றன. விலங்குக்குக் கம்பிக்கூண்டுக்குப் பதிலாக அகழியும் மரநிழலும் நீர்நிலையும் கொண்ட திறந்த அடைப்பு வேண்டும் என்றால், முன்பு பத்துக் கூண்டுகள் இருந்த இடத்தில் இரண்டு அடைப்புகளே கொள்ளும். ஆகவே, விரிவாக்கக் கோரிக்கைகள் அனைத்தும் ஆடம்பரம் அல்ல. அவற்றுள் பல, உள்ளே இருக்கும் விலங்குக்கு நாம் பட்டிருக்கும் பழைய கடனைத் தீர்ப்பதற்கானவை.

அரிய உயிரினங்களைப் பெருக்கும் பணியும் உண்டு. டார்ஜிலிங் பத்மஜா நாயுடு பூங்காவில் வளர்ந்த சிவப்புப் பாண்டாக்கள் 2003ஆம் ஆண்டில் சிங்காலிலாக் காட்டில் விடப்பட்டன. ஹைதராபாத் நேரு உயிரியல் பூங்காவில் பெருக்கப்பட்ட சருகுமான்கள் தெலங்கானாவின் அம்ராபாத் காட்டுக்குத் திரும்பியிருக்கின்றன. இவற்றில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: டார்ஜிலிங் பூங்காவின் பரப்பு எழுபது ஏக்கருக்கும் குறைவு. இனப்பெருக்கப் பணிக்குப் பரந்த நிலத்தைக் காட்டிலும், பயிற்சி பெற்ற மருத்துவரும் நீண்டகால நிதியும், விலங்கைத் திரும்ப விடுவதற்கு வெளியே ஒரு காடும் தேவைப்படுகின்றன. கடைசியாகச் சொன்னது இல்லாவிட்டால் முதலிரண்டும் வீண்.

ராணி பாக் கற்பித்த பாடம்

மும்பையின் பைகுல்லாப் பகுதியில், மக்கள் ராணி பாக் என்று அழைக்கும் வீரமாதா ஜிஜாபாய் போஸ்லே பூங்கா உள்ளது. 1862ஆம் ஆண்டில் தாவரவியல் தோட்டமாகத் திறக்கப்பட்டு, விலங்குகள் பின்னர் வந்து சேர்ந்த இடம் அது. சுமார் ஐம்பது ஏக்கரில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் உள்ளன. மரங்களுக்காக அங்கே வருவோர் குறைவு. யானையையும் நீர்யானையையும் பார்க்க வருவோரே மிகுதி. ஆயினும் கோடை நண்பகலில் பைகுல்லாச் சாலையிலிருந்து அந்த வாயிலுக்குள் நுழைந்தவர்கள் வெப்பம் சட்டென்று இறங்குவதை உடலால் அறிவார்கள். பழந்தின்னி வௌவால்களும் இராக்கொக்குகளும் யாருடைய அனுமதியுமின்றி அம்மரங்களில் குடியிருக்கின்றன.

2000களின் பிற்பகுதியில் இப்பூங்காவை மாற்றியமைக்க, நானூறு கோடி ரூபாயைத் தாண்டும் மதிப்பீட்டில், வெளிநாட்டு ஆலோசகரின் துணையுடன் ஒரு பெருந்திட்டம் தயாராயிற்று. விலங்கு அடைப்புகள் பெருகப் பெருகத் தோட்டம் சுருங்கும் என்று அப்பகுதிப் பெண்கள் சிலர் முன்னின்று மரங்களைக் கணக்கெடுத்து, பட்டியலிட்டு, அதிகாரிகள் முன் வைத்தனர். பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவின் ஆட்சேபமும் சேர்ந்துகொள்ள, அத்திட்டம் சுருக்கப்பட்டது. மரங்களை எண்ணும் வேலையைத் திட்டத்தை எழுதியவர்கள் செய்யவில்லை, அங்கு நடைப்பயிற்சி செய்தவர்கள் செய்தார்கள் என்பதை ஒரு வங்கியாளராக நான் வியப்புடன் குறித்துக்கொண்டேன். ஈட்டுச் சொத்தின் பட்டியலை, கடன் கேட்பவரோ கொடுப்பவரோ தயாரிக்காமல், வழிப்போக்கர் தயாரித்துத் தந்ததற்கு இது ஒப்பாகும்.

2016ஆம் ஆண்டில் தென் கொரியாவிலிருந்து எட்டு ஹம்போல்ட் பென்குயின்கள் வந்திறங்கின. சில மாதங்களுக்குள் ஒன்று இறந்துபோயிற்று. எஞ்சியவை 2017ஆம் ஆண்டு மார்ச் முதல் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. அதே ஆண்டில் பெரியவர்களுக்கான நுழைவுக் கட்டணம் ஐந்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாயாக உயர்ந்தது. கூட்டம் குறையவில்லை. வருவாய்க் கணக்கு மட்டும் பார்த்தால் வெற்றிதான். நானும் என் மகளை அழைத்துச் சென்று வரிசையில் நின்றேன். குளிரூட்டிய கண்ணாடிக்கு அப்பால் அவை நீந்தியதை அவள் இன்றும் மறக்கவில்லை. அந்த மகிழ்ச்சியை நான் இழிவாகக் கருதவில்லை. தென் அமெரிக்கக் கடற்கரைப் பறவையை மும்பை வெயிலில் உயிரோடு வைத்திருக்க ஆகும் மின்சாரம், உப்புநீர், மருத்துவர் ஆகியவை ஆண்டுதோறும் தொடரும் செலவு என்பதை மட்டும் கணக்கில் சேர்க்க வேண்டும். கட்டிடச் செலவு ஒரு முறை. பராமரிப்போ அவ்வுயிர் வாழும் வரை.

இப்பூங்காவின் அடுத்த விரிவாக்கத்துக்கு, பக்கத்தில் மூடிக்கிடந்த மஃபத்லால் ஆலையின் நிலத்தில் சுமார் பத்து ஏக்கர் தெரிவு செய்யப்பட்டது. இதை நான் நல்ல முடிவு என்பேன். ஆலை நிலம் ஏற்கெனவே காரையும் இரும்பும் கண்டுவிட்ட நிலம். அங்கு மண்ணைப் போட்டு மரம் நட்டு விலங்கை விட்டால், நகரத்தின் பசுமைக் கணக்கில் வரவு கூடுகிறது. ஆரேயில் அதையே செய்தால் வரவு எவ்வளவு, பற்று எவ்வளவு என்பதுதான் அடுத்த கேள்வி.

ஆரேயில் ஏற்கெனவே இருப்பவை

சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் பரப்பு சுமார் 104 சதுர கிலோமீட்டர். மூன்று பக்கங்களில் நகரம் சூழ்ந்துள்ளது. 2018ஆம் ஆண்டில் தானியங்கிக் கேமராக்கள் வைத்துக் கணக்கிட்டபோது, பூங்காவிலும் ஆரே உள்ளிட்ட சுற்றுப்புறத்திலுமாக 47 சிறுத்தைகள் பதிவாயின. சிறுத்தை எல்லைக்கல்லைப் படிப்பதில்லை. தாய்ச் சிறுத்தை தேசியப் பூங்காவில் குட்டி ஈன்று ஆரேயில் இரை தேடும். வளர்ந்த குட்டி தனக்கென ஓர் இடம் தேடி ஆரே வழியாகவே வெளியேறும். இவை தவிர, உலகின் மிகச் சிறிய பூனை இனங்களுள் ஒன்றான துரும்பன் பூனையும் இந்நிலப்பரப்பில் உண்டு. 2010ஆம் ஆண்டில் இங்கிருந்து அறிவியல் உலகுக்கு அறிமுகமான ஒரு தேள் இனம் ஆரேயின் பெயரையே தாங்கியுள்ளது. வார்லி முதலிய பழங்குடியினரின் சிற்றூர்கள் இருபத்தேழு, பால் குடியிருப்புக்கு முன்பிருந்தே இம்மண்ணில் உள்ளன.

சிறுத்தைகளின் வரவு செலவையும் சிலர் கணக்கிட்டுப் பார்த்திருக்கிறார்கள். 2018ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, இச்சிறுத்தைகள் ஆண்டுக்குச் சுமார் 1,500 தெருநாய்களை உண்பதாகவும், அதனால் ஏறத்தாழ ஆயிரம் நாய்க்கடிகள் தவிர்க்கப்படுவதாகவும் மதிப்பிட்டது. வெறிநாய்க்கடி ஊசிக்காக மாநகராட்சி மருத்துவமனையில் விடியற்காலையில் வரிசையில் நின்றவர்களுக்கு இந்த எண்ணின் பொருள் விளங்கும்.

பற்றுப் பக்கத்தையும் மறைக்கக் கூடாது. 2002 முதல் 2004 வரையிலான ஆண்டுகளில் இப்பூங்காவைச் சுற்றிச் சிறுத்தைகளால் பலர் உயிரிழந்தனர். வேறிடங்களில் பிடித்த சிறுத்தைகளை இங்கே கொண்டுவந்து விட்டதும் அதற்கு ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் பின்னர் கண்டனர். அதன்பின் வனத்துறையும் ஆய்வாளர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து, குப்பை அகற்றுதல், தெருவிளக்கு, குழந்தைகள் தனியே வெளிக்குச் செல்லாதிருக்கக் கழிப்பறை ஆகியவற்றை வலியுறுத்தியதில் தாக்குதல்கள் பெரிதும் குறைந்தன. ஆயினும் 2021ஆம் ஆண்டில் ஆரேயிலேயே மீண்டும் தாக்குதல்கள் நடந்தன. 2022ஆம் ஆண்டு தீபாவளி நாளில் ஒரு பச்சிளம் குழந்தை பலியாயிற்று. தொலைவில் அமர்ந்து சிறுத்தையைப் போற்றுவது எளிது. அதன் விலையைத் தருபவர்கள் ஆரேயின் குடிசைகளில் இருப்பவர்கள்.

இப்போது பூங்கா விரிவாக்கத்தை இதில் பொருத்திப் பாருங்கள். நூறு ஏக்கருக்கு வேலி போடப்படுகிறது. அதுவரை அவ்வழியே சென்ற சிறுத்தை வேலியைச் சுற்றிக்கொண்டு குடியிருப்புகளுக்கு இன்னும் நெருக்கமாகச் செல்லும். பார்வையாளர் வருகையால் உணவுக்கடைகளும், உணவுக்கடைகளால் குப்பையும், குப்பையால் நாய்களும், நாய்களால் சிறுத்தையும் வரும். ஒரு நாள் தாக்குதல் நிகழ்ந்தால், அந்தச் சிறுத்தையைப் பிடித்துக் கூண்டில் அடைப்பார்கள். தேசியப் பூங்காவுக்குள் பிடிபட்ட சிறுத்தைகளுக்கான மீட்பு மையம் ஒன்று ஏற்கெனவே உள்ளது. கூண்டில் அடைபட்டவற்றுக்கு இடம் போதவில்லை என்று அடுத்த விரிவாக்கக் கோரிக்கை எழும். பழைய கடனை அடைக்கப் புதிய கடன் வாங்கும் வாடிக்கையாளரை நாம் எப்படி மதிப்பிடுவோமோ, அப்படித்தான் இத்தகைய திட்டத்தையும் மதிப்பிட வேண்டும்.

வெள்ளம் பற்றியும் ஒரு சொல். 2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் சாந்தாக்ரூஸில் இருபத்து நான்கு மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. மித்தி ஆறு நகரத்துக்குள் புகுந்தது. அந்த ஆறு விஹார், பவாய் ஏரிகளின் உபரி நீரில் பிறந்து, ஆரே நிலத்தின் ஓடைகளையும் சேர்த்துக்கொண்டு ஓடுவது. மழையைச் சிறிது நேரமேனும் பிடித்துவைக்கும் மண் எங்கே உள்ளது என்பது நகரத்தின் தாழ்வான பகுதிகளில் வீடும் கடையும் அடமானம் வைத்திருக்கும் நம் வாடிக்கையாளர்களுக்கும் உரிய கவலையாகும்.

காட்டுக்கு விலை போடும் முறை

வணிகவியல் படித்தவர்கள் அனைவரும் அறிந்த ஒரு கருத்து, நிகர தற்கால மதிப்பு. எதிர்காலத்தில் ஆண்டுதோறும் வரக்கூடிய பயனை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கூட்டுவது. நாம் தொழிற்சாலைக்கும் மேம்பாலத்துக்கும் பயன்படுத்தும் இக்கணக்கை, உச்ச நீதிமன்றம் காட்டுக்கும் பயன்படுத்த வைத்தது. நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதிக் காடுகள் அழிக்கப்படுவதை எதிர்த்து 1995ஆம் ஆண்டில் கோதவர்மன் திருமுல்பாட் தொடுத்த வழக்கு, பின்னர் நாடு முழுமைக்குமான காட்டு வழக்காக விரிந்தது. காட்டு நிலத்தை வேறு பணிக்கு எடுத்துக்கொள்பவர் அதன் நிகர தற்கால மதிப்பைச் செலுத்த வேண்டும் என்பது அவ்வழக்கின் விளைவுகளுள் ஒன்று. 2008ஆம் ஆண்டில் நிர்ணயிக்கப்பட்ட வீதம், காட்டின் வகைக்கும் அடர்த்திக்கும் ஏற்ப ஹெக்டேருக்கு 4.38 லட்சம் முதல் 10.43 லட்சம் ரூபாய் வரை. தேசியப் பூங்காவாக இருந்தால் அதன் பத்து மடங்கு. அண்மை ஆண்டுகளில் இவ்வீதங்கள் உயர்த்தப்பட்டுள்ளன.

கோரேகாவில் ஒரு படுக்கையறை வீட்டுக்கு ஒரு கோடி ரூபாயை நெருங்கும் கடன் விண்ணப்பங்களை நாள்தோறும் பார்த்த எனக்கு, இந்த அட்டவணை முதலில் நகைப்பையும் பின்னர் வருத்தத்தையும் தந்தது. ஒரு ஹெக்டேர் என்பது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். உயர்ந்த வகைக் காடு ஒரு ஹெக்டேரின் பழைய விலைக்கு அந்த வீட்டின் சமையலறையைக்கூட வாங்க முடியாது. ஆனாலும் விலையே இல்லாமல் இருப்பதைக் காட்டிலும் ஏதோ ஒரு விலை இருப்பது மேல். அது திட்ட அறிக்கையில் ஒரு வரியையாவது பிடித்துக்கொள்கிறது.

ஆரேயின் சிக்கல் அந்த ஒரு வரியும் அதற்குக் கிடையாது என்பதுதான். பதிவேடுகளில் அது பால்வளத் துறையின் நிலம். அதைக் காடு என்று அறிவிக்கக் கோரிய மனுக்களை 2019ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் பம்பாய் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அன்றிரவும் மறுநாளும் மெட்ரோப் பணிமனைக்காக இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் வெட்டப்பட்டன. அக்டோபர் 7ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தலையிட்டபோது, வெட்ட வேண்டியவை வெட்டப்பட்டுவிட்டதாக அரசுத் தரப்பு கூறிற்று. அதன் பின்னரே ஆரேயின் ஒரு பகுதி, சுமார் 812 ஏக்கர், காப்புக் காடாக அறிவிக்கப்பட்டது. ஒரே சிறுத்தை ஒரே இரவில் நடக்கும் பாதையில், தேசியப் பூங்காவுக்குப் பத்து மடங்கு விலை, காப்புக் காட்டுக்கு ஒரு மடங்கு, எஞ்சிய ஆரேக்குச் சுழியம். நிலத்தின் தகுதி மாறவில்லை, பதிவேட்டின் தலைப்புதான் மாறியது.

சட்டம் சென்ற வழி

2023ஆம் ஆண்டில் வனப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டது. பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்கு வெளியே உள்ள காடுகளில், அரசோ அரசு அமைப்போ நடத்தும் உயிரியல் பூங்காக்களும் சபாரிகளும் இனி 'காடு சாராத பயன்பாடு' ஆகா என்று அத்திருத்தம் கூறிற்று. அதாவது, சுரங்கத்துக்கோ சாலைக்கோ காட்டை எடுத்தால் கேட்க வேண்டிய அனுமதி இவற்றுக்கு வேண்டியதில்லை. பூங்காவும் விலங்குகளுக்கானதுதானே என்ற எண்ணம் இதன் பின்னால் இருக்கலாம். அடைப்புக்குள் இருக்கும் விலங்குக்கும் அந்த அடைப்பு அமைந்த இடத்தில் முன்பு இருந்த விலங்குக்கும் உள்ள வேறுபாட்டை அது காணத் தவறுகிறது என்பது என் கருத்து.

இத்திருத்தத்தை எதிர்த்த வழக்கில், 2024ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள், காட்டு நிலத்தில் பூங்காவோ சபாரியோ அமைக்கத் தனது இறுதி ஒப்புதல் பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணையிட்டது. அடுத்த மாதம் கார்பெட் புலிகள் காப்பகம் தொடர்பான தீர்ப்பில், சபாரியில் வைக்கப்படும் புலிகள் அதே நிலப்பகுதியில் காயமுற்றவையாகவோ, தாயை இழந்தவையாகவோ, மோதலில் பிடிபட்டவையாகவோ இருக்க வேண்டும் என்ற நெறியை வற்புறுத்தியது. காட்சிக்காக வெளியூரிலிருந்து விலங்கு வரக் கூடாது. காட்டால் காப்பாற்ற முடியாததைக் காப்பதற்கே சபாரி. கடனின் நோக்கத்தை ஒப்பந்தத்தில் எழுதிவைத்து, வேறு நோக்கத்துக்குத் திருப்பக் கூடாது என்று நாம் விதிப்பதைப் போன்றது இது.

பூங்காவே வாழிடமாகும்போது

ஒன்றை ஒன்று அழித்தே தீர வேண்டும் என்பதில்லை. தில்லி உயிரியல் பூங்கா 1959ஆம் ஆண்டில் பழைய கோட்டையின் அருகே திறக்கப்பட்டது. அங்குள்ள குளங்களின் நடுவே சிறு தீவுகளும் மரங்களும் அமைக்கப்பட்டன. மறு ஆண்டே மஞ்சள் மூக்கு நாரைகள் தாமாகவே வந்து அம்மரங்களில் கூடு கட்டத் தொடங்கின. இன்றும் ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதவாக்கில் வந்து, குஞ்சு பொரித்து வளர்த்து, வெயில் ஏறும் முன் பறந்துவிடுகின்றன. அவற்றை யாரும் பிடித்து வரவில்லை, இறகு வெட்டவில்லை, விலை கொடுக்கவில்லை. சீட்டு வாங்கி உள்ளே வருவோர் பலர் கூண்டுப் பறவைகளைக் கடந்து, குளக்கரையில்தான் நீண்ட நேரம் நிற்கிறார்கள்.

இந்நாரைகள் பூங்காவில் உறங்குகின்றன. உணவைப் பெரும்பாலும் யமுனைக் கரையிலும் நகரைச் சுற்றிய சதுப்புகளிலும் தேடிக்கொள்கின்றன. அச்சதுப்புகள் மேடாக்கப்பட்டால், குளத்தை எவ்வளவு அழகுபடுத்தினாலும் அவை வரா. அவற்றின் வருகை, தில்லிப் பூங்காவின் சொத்துப் பட்டியலில் இல்லாத ஒரு சொத்து. அதன் பராமரிப்போ பூங்காவின் மதிலுக்கு வெளியே உள்ளது. விரிவாக்கம் என்ற சொல்லுக்கு மதிலைத் தள்ளிக் கட்டுவது என்று மட்டுமே பொருள் கொள்ளாமல், மதிலுக்கு வெளியே உள்ள நீர்நிலைக்குப் பூங்காவின் வருவாயிலிருந்து ஒரு பங்கைச் செலவிடுவது என்றும் பொருள் கொள்ளலாம்.

ஆகவே, ஒரு நகரத்தின் பூங்கா விரிவாக்கத் திட்டம் என் மேசைக்கு வந்தால் நான் முதலில் கேட்பது கட்டுமான மதிப்பீட்டை அன்று. அந்த நிலத்தில் ஓராண்டு முழுவதும், மழைக்காலத்திலும் கோடையிலும், என்னென்ன உயிர்கள் உள்ளன என்று எழுதிய கணக்கு எங்கே? கட்டி முடித்த நிலமோ கைவிட்ட ஆலையோ வேறெங்கும் கிடைக்கவில்லையா? வரப்போகும் விலங்குகளுள் எத்தனை இந்த வட்டாரத்தில் மீட்கப்பட்டவை, எத்தனை காட்சிக்காக மட்டும் வருபவை? முதலாண்டுப் பரபரப்பு அடங்கிப் பார்வையாளர் குறைந்தபின் தீவனத்துக்கு யார் பணம் தருவார்? இவற்றுள் முதல் கேள்விக்கு விடை இல்லாத அறிக்கையை, மற்ற விடைகள் எவ்வளவு நன்றாக இருப்பினும், நான் திருப்பி அனுப்புவேன்.

இக்கேள்விகளைக் கேட்கும் உரிமை அதிகாரிகளுக்கு மட்டும் உரியதன்று. நகர வளர்ச்சித் திட்டத்தின் வரைவு வெளியாகும்போது ஆட்சேபங்களும் யோசனைகளும் வரவேற்கப்படுகின்றன; அதற்கு நாள் கணக்கு உண்டு. 2015ஆம் ஆண்டில் வெளியான மும்பை வரைவுத் திட்டம் ஆரேயை வளர்ச்சி மையமாகக் குறித்திருந்தது. பல்லாயிரம் குடிமக்கள் எழுதிய ஆட்சேபங்களின் பின், அந்த வரைவையே திருத்தி எழுதுமாறு அரசு ஆணையிட்டது. அவர்களுள் பெரும்பாலோர் சூழலியல் அறிஞர்கள் அல்லர். வரைபடத்தில் தம் தெருவைத் தேடிக் கண்டுபிடித்து, பிழையைச் சுட்டிக் கடிதம் எழுதியவர்கள்.

2024ஆம் ஆண்டு இறுதியில் பயிற்சி ஒன்றுக்காக மும்பை சென்றிருந்தபோது, புதிதாகத் திறந்த மெட்ரோவில் ஏறி அதன் கடைசி நிலையமான ஆரேயில் இறங்கினேன். இருபது நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதலான பயணம்; முன்பு பேருந்தில் ஒன்றரை மணி நேரம் நெரிசலில் நின்ற தொலைவு. அதன் வசதியை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. பழைய கொட்டகையைத் தேடிச் சென்றேன். பெரியவர் ஊருக்குப் போய்விட்டார், மகன் பார்த்துக்கொள்கிறார். கடன் எப்போதோ முடிந்துவிட்டது. தேநீர் தந்தார். வாசலில் ஒரு புதிய நாய்க்குட்டி கயிற்றைக் கடித்துக்கொண்டிருந்தது. இரவில் எங்கே கட்டுவீர்கள் என்று கேட்டேன். உள்ளே, கன்றுகளோடு என்றார்.